சேலத்துல இருந்துகிட்டு சைலம் கேவிடேஷன் அளக்கணும்னா எந்த மெத்தட் எடுக்கலாம்?

மரத்துல தண்ணி ஏத்தற சைலம் குழாய்க்குள்ள தண்ணி அறுந்து காத்தடைக்கறதுதான் கேவிடேஷன், அதனால தண்ணி ஓட்டம் பாதியா குறையற இழுப்புதான் பி50. ஏற்காடு எஸ்டேட் மரங்களுக்கு பி50 எடுக்கணும், எந்த மெத்தட்ல பண்றதுன்னு எம்எஸ்சி ப்ராஜெக்ட் பசங்க, புதுசா பிஎச்டி சேர்ந்தவங்கன்னு ஆள் மாத்தி ஆள் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் போட்டு மாளல, அதனால ஒரே தடவையா எழுதி வச்சிடறேன், இனிமே யார் கேட்டாலும் இதையே அனுப்பிடுவேன். முடிவ முதல்லயே சொல்லிடறேங்க, பொறுமை இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம்: காப்பி, சில்வர் ஓக் ரெண்டுக்கும் ஆப்டிகல் மெத்தட் (கேமரால படம் எடுத்துப் பாக்கறது), கூடவே ஒரு பிரஷர் சேம்பர் (வாது எவ்ளோ காஞ்சிருக்குன்னு அளக்கற கருவி). கேமரா செட்டப்புக்கு வழியில்லன்னா நியூமேட்டிக் (உள்ள இருக்கற காத்த உறிஞ்சி அளக்கறது), அதுக்கும் பிரஷர் சேம்பர் வேணும். சென்ட்ரிஃப்யூஜ் பத்தி யோசிக்கறத இன்னிக்கே விட்டுடுங்க. ஏன்னு கேக்கறவங்களுக்குதான் மிச்சம்.

மரம் தண்ணிய கீழ இருந்து தள்ளறது இல்ல, மேல இருந்து இழுக்குது. இலையில தண்ணி ஆவியாகறப்ப உண்டாகற இழுப்பு தண்டு வழியா வேர் வரைக்கும் போகுது, இத 1894லயே டப்ளின்ல டிக்ஸனும் ஜாலியும் சொல்லிட்டாங்க. மத்தியான வெயில்ல ஒரு வாது, அதாவது கிளை, மைனஸ் 2 மெகாபாஸ்கல்ல நிக்குதுன்னு வைங்க, கார் டயருக்கு நாம அடிக்கற 32 பிஎஸ்ஐ இருக்குல்ல, அதுல ஏறக்குறைய ஒம்போது மடங்கு, ஆனா எதிர்ப்பக்கமா, தள்ளறதுக்கு பதிலா இழுப்பு. இப்படி இழுபட்டு நிக்கற தண்ணிக்குள்ள, பக்கத்துல ஏற்கனவே காத்தடைச்சு கெடக்கற வெசல்ல (சைலத்துல இருக்கற தண்ணிக் குழாய்) இருந்து பிட் மெம்பரேன் (ரெண்டு வெசலுக்கு நடுவுல இருக்கற மெல்லிசான சவ்வு) வழியா ஒரு பொட்டு காத்து நுழைஞ்சா போதும், அந்த வெசல்ல தண்ணி அறுந்து முதல்ல நீராவி, அப்புறம் காத்துன்னு நிரம்பிடும், அதுக்கப்புறம் அந்தக் குழாய் வேலைக்கு ஆகாது. இழுப்பு ஏற ஏற தண்ணி ஓட்டம் எத்தனை சதவீதம் இப்படி போகுதுன்னு வரையற கோடுதான் வல்னரபிலிட்டி கர்வ், பாதி போற இடம் பி50, 88 சதவீதம் போற இடம் பி88. பூக்கற மரங்கள் சாகறதுக்கு பி88தான் கிட்டத்துல வரும், ஊசியிலை மரங்களுக்கு பி50யே போதும்னு சொல்லுவாங்க. மேற்கு ஆஸ்திரேலியாவுல காலிட்ரிஸ் டியூபர்குலாட்டான்னு ஒரு ஊசியிலை மரத்துக்கு பி50 மைனஸ் 18.8 வந்திருக்கு, நம்ம மரங்கள்ல அந்த மாதிரி எல்லாம் எதிர்பாக்காதீங்க. 2012ல நேச்சர்ல வந்த பேப்பர்ல 81 இடங்கள்ல இருந்து 226 காட்டு மர வகைய எடுத்துப் பாத்ததுல 70 சதவீதம், அது படற மோசமான இழுப்புக்கும் குழாய் அடைக்கற இழுப்புக்கும் நடுவுல 1 மெகாபாஸ்கலுக்கும் கம்மியான இடைவெளியோடதான் ஓட்டிட்டு இருக்குன்னு தெரிஞ்சுது, மழை அதிகமான காடு, வறண்ட காடுன்னு வித்தியாசமே இல்லாம. சேர்வராயன் மலையில ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் காயற காய்ச்சல் தெரிஞ்சவங்களுக்கு இந்த நம்பர் ஏன் வேணும்னு நான் விளக்க வேண்டியதில்ல.

இப்ப மெத்தடுக்கு வருவோம். எந்த மெத்தட் ஆனாலும் ரெண்டு விஷயம் அளந்தாகணும், ஒண்ணு வாது எவ்ளோ காஞ்சிருக்கு, இன்னொண்ணு எவ்ளோ அடைச்சிருக்கு. சண்டை எல்லாம் ரெண்டாவதுலதான் நடக்குது, ஆனா நம்ம ஊர்ல ப்ராஜெக்ட் கெடறது பெரும்பாலும் முதல் விஷயத்துல. பேஸ்புக்ல யாரோ மலிவா கேமரா செட்டப் போட்ட வீடியோவ பாத்துட்டு ஆரம்பிச்சிடறாங்க, கடைசில படம் மட்டும் ஆயிரக்கணக்குல இருக்கும், எக்ஸ் ஆக்ஸிஸ்ல போட ஒண்ணும் இருக்காது.

சோ பிரஷர் சேம்பர். 1965ல ஸ்கோலாண்டர் குரூப் சயின்ஸ்ல போட்ட பேப்பர் இதோட ஆரம்பம், அதுல ஒசரமான டக்ளஸ் ஃபிர் மரத்து உச்சி வாத ஏறிப் பறிக்க முடியாம துப்பாக்கியால சுட்டு விழ வச்சாங்க, நம்ம எஸ்டேட்ல அந்த வசதி கிடையாது, தொரட்டிதான். இலைய வெட்டி சேம்பருக்குள்ள வச்சு காம்பு மட்டும் வெளிய நீட்டி நைட்ரஜன் ஏத்தணும், வெட்டு வாயில தண்ணி மினுக்குற நொடில மீட்டர்ல என்ன காட்டுதோ அதோட மைனஸ்தான் வாட்டர் பொட்டன்ஷியல், அதாவது உள்ள தண்ணி எவ்ளோ இழுபட்டு நிக்குதுங்கற நம்பர். தண்டோட நம்பர் வேணும்னா இலைய முன்னாடியே பாலித்தீன் கவர் போட்டு மேல அலுமினிய ஃபாயில் சுத்தி ஒரு மணி நேரமாவது விட்டுடணும், இல்லன்னா நீங்க அளக்கறது இலையோட நம்பர், தண்டோடது இல்ல. சிலிண்டர் கிடைக்கறதுல சேலத்துல பிரச்சனையே இல்லைங்க, வெல்டிங் கேஸ் விக்கற டீலருங்களே நைட்ரஜனும் குடுப்பாங்க. மலைக்கு மேல கொண்டு போறதுன்னா 20 கொண்டை ஊசி வளைவு, சிலிண்டர கட்டாம டிக்கில போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கங்க, சின்ன சிலிண்டரா வாங்கி நிக்க வச்சு கட்டுங்க. சேம்பருக்கு பதிலா தண்டுலயே மாட்டற சைக்ரோமீட்டர் இருக்கு, தானா பதிவு பண்ணிக்கிட்டே இருக்கும், ஆனா விலையும் அதிகம், டெம்பரேச்சர் கொஞ்சம் ஆடினாலும் கோச்சுக்கும். ஏசி இல்லாத லேப்ல சேலத்து ஏப்ரல்ல அத நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்.

ரெண்டாவது, வெசல் நீளம். மெத்தட் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி செய்யவேண்டிய ஒரே டெஸ்ட் இதுதான், செலவுன்னு பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா யாரும் பண்றதில்ல. நீளமான வாதா வெட்டி அடிப்பக்கம் டியூப் மாட்டி லேசான பிரஷர்ல காத்து விடுங்க, நுனிய தண்ணிக்குள்ள வச்சு கொஞ்சம் கொஞ்சமா நறுக்கிட்டே வாங்க, எந்த நீளத்துல வெட்டு வாயில தொடர்ச்சியா குமிழ் வருதோ அதுதான் அந்த வாதுல இருக்கற அதிகபட்ச வெசல் நீளம். பல வாதுல பண்ணுங்க. ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, வெட்டின துண்டு வெசல விட சின்னதா இருந்தா அந்த வெசல் ரெண்டு பக்கமும் திறந்த வெறும் பைப், காத்து தடுக்கற பிட் மெம்பரேனே அதுல நடுவுல இருக்காது, அதுல நீங்க எடுக்கற பி50 மரத்தோடது இல்ல, உங்க கத்தியோடது. ஐரோப்பா அமெரிக்கா ஓக் மரங்கள்ல வெசல் ஒரு மீட்டர் தாண்டி ஓடும், அதனாலதான் அந்த பேப்பர்கள்ல இவ்ளோ சண்டை. நம்ம சில்வர் ஓக் அந்தக் குடும்பமே இல்ல, ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த புரோட்டியேசி, அதனால ஓக் பேப்பர்ல இருக்கற வெசல் நீளத்த எடுத்து உங்க தீசிஸ்ல போட்டுடாதீங்க, அளந்து பாருங்க.

சரி, பழைய மெத்தட்ல இருந்து ஆரம்பிக்கறேன். பெஞ்ச் டீஹைட்ரேஷன், அதாவது வாத வெட்டிட்டு வந்து டேபிள்ல காய விட்டு, வேற வேற அளவு காஞ்சப்ப ஒவ்வொண்ணா எடுத்து தண்ணி எவ்ளோ ஓடுதுன்னு அளக்கறது. 1988ல ஸ்பெரி, டோனெலி, டைரீ மூணு பேரும் போட்ட முறைதான் இன்னிக்கும் எல்லாரும் ஒப்பிட்டுப் பாக்கற அடிப்படை. துண்டு ஒண்ண தண்ணிக்குள்ளயே வெட்டி, ஒசரத்துல வச்ச பாட்டில்ல இருந்து சின்ன அழுத்தத்துல தண்ணி விட்டு, மறுமுனையில சொட்டறத பேலன்ஸ்ல எடை போட்டா இப்போதைய ஓட்டம் கிடைக்கும். அப்புறம் அதே துண்டுல 100 கிலோபாஸ்கலுக்கு மேல அழுத்தம் குடுத்து ஃப்ளஷ் பண்ணி காத்த எல்லாம் கரைச்சு வெளிய தள்ளிட்டு திரும்ப அளந்தா முழு ஓட்டம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சதவீதத்துல பிஎல்சி, அதாவது ஓட்டத்துல எத்தனை சதவீதம் போச்சுங்கறது. தண்ணின்னு நான் சொல்றது குழாய் தண்ணி இல்லைங்க, டிஸ்டில்டு வாட்டர்ல 10 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு போட்டு, 0.2 மைக்ரான்ல ஃபில்டர் பண்ணி, வேக்குவம்ல காத்து எடுத்தது. சேலத்து போர் தண்ணிய விட்டீங்கன்னா உப்பு மாறினாலே ஓட்டம் மாறும், பிட் மெம்பரேனுக்கு அயனி தெரியும்.

இதுல நல்லது என்னன்னா மரம் உண்மையில காயற மாதிரியே காயுது, யாரும் செயற்கையா காத்து ஏத்தல, சுத்தல. கெட்டது ரெண்டு. ஒரு வாதுக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும், ஒழுங்கான கர்வ் வேணும்னா டஜன் கணக்குல வாது வேணும், எஸ்டேட் ஓனர் கிட்ட போய் காப்பிச் செடியில அவ்ளோ வாது வெட்டிக்கறேன்னு கேட்டா அவர் உங்கள வெட்டிடுவார். அதனால கவாத்து சமயம், இல்ல நிழல் குறைக்க சில்வர் ஓக் வாது இறக்கற சமயம் பாத்து போங்க, ரைட்டர் (எஸ்டேட்ல கணக்கு பாக்கறவர்) கிட்ட முன்னாடியே சொல்லி வச்சா என்னிக்கு வெட்டறாங்கன்னு போன் பண்ணி சொல்லுவாரு. ரெண்டாவது கெட்டது, 2013ல வீலர் குரூப் காமிச்சது: இழுப்புல இருக்கற வாத தண்ணிக்குள்ளயே வெட்டினாலும் வெட்டற அந்த நொடியில புதுசா காத்து உள்ள போகலாம், அப்ப நீங்க அளக்கற அடைப்புல ஒரு பங்கு நீங்களே உண்டாக்கினது. இதுக்கு மருந்து, வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு முனையும் தண்ணில இருக்க கொஞ்ச நேரம் விட்டு இழுப்ப தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி வெட்டிட்டு உள்ள வர்றது. ரொம்ப நேரம் விட்டா அடைப்பே சரியாயிடுமோன்னு அதுக்கும் ஒரு சந்தேகம் கெளப்புறவங்க இருக்காங்க. எப்படியும் கை பழகணும், முதல் மாசம் வர்ற டேட்டாவ நம்பாதீங்க.

பலாவும் ஒரு நிழல் மரம்தானே, அதுல பண்ணலாமான்னு ஒருத்தர் கேட்டார். பால் வடியற மரத்துல ஓட்டம் அளக்கறது நரக வேலை, வெட்டின வாயில பால் உறைஞ்சு அளக்க அளக்க ஓட்டம் குறைஞ்சுட்டே போகும், அது எம்பாலிசம்னு (காத்தடைப்பு) நீங்க எழுதிடுவீங்க. பலாவ விட்டுடுங்க.

சென்ட்ரிஃப்யூஜ். ஐடியா அழகு, அதுல எனக்கு மறுப்பே இல்ல. துண்ட நடுவுல அச்சு வச்சு சுத்தினா மையத்துல இழுப்பு உண்டாகும், வேகத்த ஏத்த ஏத்த இழுப்பு ஏறும், கணக்கு போட்டு எத்தனை மெகாபாஸ்கல்னு சரியா தெரியும், அதனால சேம்பரே வேணாம். 1990கள்ல ஸ்பெரி குரூப் நிறுத்தி நிறுத்தி அளந்தாங்க, 2002ல கொஷார்ட் சுத்திட்டு இருக்கறப்பவே ஓட்டத்த அளக்கற கேவிட்ரான் கொண்டு வந்தார். ஒரே துண்டுல அரை மணி, ஒரு மணி நேரத்துல முழு கர்வ். ஊசியிலை மரத்துக்கும் குட்டை வெசல் மரத்துக்கும் இத மிஞ்ச ஒண்ணும் இல்ல, உலகத்துல பெரிய டேட்டா செட் நிறைய இதுல வந்ததுதான். ஆனா வழக்கமான ரோட்டர்ல துண்டு 27 சென்டிமீட்டர்தான், வெசல் அத விட நீளமா இருந்தா நான் மேல சொன்ன திறந்த பைப் கதைதான், கர்வ் எஸ் மாதிரி வளையாம ஆரம்பத்துலயே சறுக்கி விழும், இவ்ளோ ஈஸியா அடைச்சுக்குற மரமான்னு நீங்க ஆச்சரியப்பட்டு பேப்பர் எழுதுவீங்க. இத சமாளிக்க பிரான்ஸ்ல போர்டோ பக்கம் ஒரு மீட்டர் துண்டு சுத்தற பெரிய மெஷினே கட்டி வச்சிருக்காங்க. நமக்கு அதெல்லாம் எங்க. பெரிய ஃப்ளோர் சென்ட்ரிஃப்யூஜ், அதுக்கு தனியா செஞ்ச ரோட்டர், சமநிலை தப்பினா ஆள் உயிருக்கே ஆபத்து. பயோகெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல ஒரு சென்ட்ரிஃப்யூஜ் சும்மாதான் இருக்கு, அதுல லேத்து பட்டறையில ஒரு ரோட்டர் செஞ்சு மாட்டிக்கலாமான்னு கேட்டவங்க உண்டு. வேணாம் சாமி. பட்டறைக்காரர் கெட்டிக்காரரா இருக்கலாம், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்தற சாமானுக்கு அந்த கெட்டிக்காரத்தனம் பத்தாது.

ஏர் இன்ஜெக்ஷன்னு ஒண்ணு இருக்கு, துண்டுக்கு ஒரு காலர் மாட்டி வெளிய இருந்து காத்து அழுத்தம் குடுக்கறது, 2 மெகாபாஸ்கல் வெளிய இருந்து தள்ளறதும் மைனஸ் 2ல உள்ள இருந்து இழுக்கறதும் பிட் மெம்பரேனுக்கு ஒண்ணுதான்ங்கற லாஜிக். காலர் மலிவு, சிலிண்டர் ஏற்கனவே இருக்கு, வேகமாவும் முடியும். ஆனா இதுலயும் நீள வெசல் பிரச்சனை அப்படியே இருக்கு, இப்ப இத மட்டும் வச்சு பேப்பர் அனுப்பினா ரிவ்யூவர் கேள்வி மேல கேள்வி கேப்பார். மாணவர்களுக்கு காத்து நுழையறதுன்னா என்னன்னு காமிக்க நல்ல டெமோ, அவ்ளோதான்.

சத்தத்த கேக்கற முறைக்கு நம்ம ஊரோட ஒரு தூரத்து சொந்தம் இருக்கு. 1966ல மில்பர்னும் ஜான்சனும் முதல்ல கேவிடேஷன் சத்தத்த பிடிச்சது ஆமணக்கு இலையில, தண்ணி அறுந்தப்ப டிக் டிக்குனு கேட்டிருக்கு. நம்ம ஏத்தாப்பூர்ல மரவள்ளி, ஆமணக்கு ரெண்டுக்கும் சேத்து ஆராய்ச்சி நிலையமே இருக்கு, இந்த ஜில்லாவுல யாராவது அந்த சோதனைய திரும்ப பண்ணா எனக்கு சந்தோஷமா இருக்கும். 1980கள்ல அல்ட்ராசோனிக் சென்சாருக்கு மாறினாங்க. மரத்த வெட்ட வேணாம், நின்ன இடத்துலயே மாட்டலாம், அதெல்லாம் சரி, ஆனா வெசல் அறுந்தாலும் சத்தம், ஃபைபர் அறுந்தாலும் சத்தம், கட்டை காஞ்சு விரிசல் விட்டாலும் சத்தம், எது எதுன்னு பிரிக்க முடியாம ஜனங்க வருஷக்கணக்கா மண்டைய உடைச்சிருக்காங்க. பெரிய வெசல் ஒண்ணும் சின்ன ஃபைபர் ஒண்ணும் எண்ணிக்கையில ஒண்ணுன்னா பிஎல்சிக்கு அது எப்படி சமம் ஆகும். பி50 எடுக்க இத நம்பாதீங்க, எந்த நேரத்துல ஆரம்பிக்குதுன்னு பாக்க வேணா வச்சுக்கலாம்.

இப்ப ஆப்டிகல், எனக்கு பிடிச்சது, அதனால கொஞ்சம் நீளமா போகும். 2016ல டாஸ்மேனியா யுனிவர்சிட்டியில பிராட்ரிப் குரூப் வெளியிட்டது. தண்ணி இருக்கற நரம்பு வழியா வெளிச்சம் ஒரு மாதிரி போகும், காத்து நிரம்பிட்டா வேற மாதிரி சிதறும், அவ்ளோதான் அடிப்படை. இலைய ஸ்கேனர்லயோ ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ராஸ்பெரி பை (கையளவு குட்டி கம்ப்யூட்டர்) கேமராவுக்கு அடியிலயோ பிடிச்சு வச்சு, சில நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்துட்டே இருக்கணும், வாது முழுசா அந்தப்பக்கம் காய்ஞ்சுட்டு இருக்கும். அப்புறம் அடுத்தடுத்த படங்கள இமேஜ்ஜேங்கற சாஃப்ட்வேர்ல ஒண்ணுல இருந்து ஒண்ணு கழிச்சா என்ன மாறுச்சோ அது மட்டும் மிஞ்சும், எந்த நரம்பு எத்தனை மணிக்கு போச்சுன்னு அப்படியே தெரியும். பெரிய நரம்பு மொத்தமா ஒரே படத்துல பளிச்சுனு மாறறத முதல் தடவை பாக்கறப்ப டீ ஆறிப்போயிடும், அப்படி ஒரு வேடிக்கை. தண்டுல பண்ணணும்னா பட்டைய மெதுவா உரிச்சு கட்டைய வெளிய காமிச்சு, எலக்ட்ரோடுக்கு தடவற ஜெல் மாதிரி ஒண்ணு தடவி, கேமராவ கிளாம்ப் பண்ணிடலாம். செட்டப்போட டிசைன், கோடு எல்லாத்தையும் அவங்க இலவசமாவே பொதுவுல போட்டிருக்காங்க, கேமரா, போர்டு, எல்இடி எல்லாம் சேர்ந்து ஒரு சாதாரண போன் விலைக்குள்ள முடிஞ்சிடும்.

நமக்கு இது ஏன் பொருந்துதுன்னா, நீங்க பாக்கற இடம் வெட்டின வாயில இருந்து ரொம்ப தள்ளி இருக்கு. நீளமான வாதா எடுத்தா வெசல் நீள பிரச்சனைய சுத்தமா தாண்டிடலாம். ஒரே வாதுல முழு கர்வ் கிடைக்கறதால எஸ்டேட்காரர் கிட்ட கெஞ்சவும் வேணாம். காப்பி இலை அகலம், நரம்பு தெளிவு, பாக்க சுகமா இருக்கும், காயறப்ப ஓரம் சுருளும், அதுக்குதான் கண்ணாடி. சில்வர் ஓக் இலை பெரணி மாதிரி பிரிஞ்சு, அடிப்பக்கம் வெள்ளையா ரோமம் வேற, அத இலையில பண்றத விட தண்டுல பண்றதுதான் புத்தி.

குறை இல்லாம இல்ல. நீங்க எண்ணறது மாறின பிக்சல், ஓட்டம் இல்ல, பெரிய வெசல் ஒண்ணு கொண்டு போற தண்ணிய பத்து சின்ன வெசல் சேந்தும் கொண்டு போகாது, ஆனா படத்துல அந்த வித்தியாசம் அவ்ளோ தெரியாது. கேமரா ஆன் பண்றதுக்கு முன்னாடியே அடைச்சிருந்த நரம்பு மாறவே மாறாது, அது கணக்குல வராது, அதனால விடிகாலையில வெட்டி, தண்ணில வச்சு இருட்டுல தேற விட்டுட்டு ஆரம்பிக்கணும். இன்னொண்ணு, 100 சதவீதம்னா நீங்க நிறுத்தின வரைக்கும் பாத்தது, சீக்கிரம் நிறுத்திட்டா பி50 பொய்யா பூஜ்யத்துக்கு கிட்ட வந்துடும், மரம் நிஜத்த விட ஈஸியா அடைச்சுக்கற மாதிரி தெரியும், முழுசா மொறுமொறுன்னு காயற வரைக்கும் ஓடணும். அதுக்கு நாள் கணக்குல கரண்ட் வேணும். மாசாந்திர ஈபி ஷட்டவுன் என்னிக்குன்னு பாத்துட்டு ஆரம்பிங்க, காலைல 9 மணிக்கு போனா சாயங்காலம்தான் வரும், அந்த இடைவெளியிலதான் பெரிய நரம்பு போயிருக்கும்னு அடிச்சு சொல்றேன். யூபிஎஸ் வாங்கற காசு இந்த மெத்தட்டோட விலையில சேத்திதான்.

நியூமேட்டிக், 2016லயே பிரேசில்ல கம்பினாஸ்ல பெரெய்ரா குரூப் கொண்டு வந்தது. இது தண்ணி ஓட்டத்தையும் பாக்கல, படமும் எடுக்கல, வாதுக்குள்ள இருந்து எவ்ளோ காத்து உறிஞ்ச முடியுதுன்னு பாக்குது. வெட்டின வாயில கெட்டியான டியூப் மாட்டி, ஒரு சின்ன வேக்குவம் பாத்திரத்தோட சேத்து, அழுத்தத்த 40 கிலோபாஸ்கல் கிட்ட இறக்கிட்டு, ரெண்டரை நிமிஷத்துல எவ்ளோ திரும்ப ஏறுதுன்னு பாத்தா வெளிய வந்த காத்த கணக்கு போட்டுடலாம். அடைப்பு கூட கூட காத்து கூட வரும். ஈரமா இருந்தப்ப வந்தது 0, முழுசா காஞ்சப்ப வந்தது 100, நடுவுல இருக்கறது கர்வ். சிரிஞ்ச், மூணு வழி வால்வு, பிரஷர் சென்சார், ஒரு ஆர்டுயினோ (சென்சார படிக்கற சின்ன போர்டு) இருந்தா போதும், நியூமேட்ரான்னு தானா ஓடற வடிவமும் அவங்களே குடுத்திருக்காங்க. விலையில இத அடிச்சுக்க ஆள் இல்ல, ஊசியிலை மரத்துல இது சரியா வராது, பூக்கற மரத்துக்குதான். நீள வெசல்ல இது பி50ய நல்லா குடுக்குதா இல்லையான்னு இன்னும் ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்கறாங்க. லீக் இருந்தா எல்லாம் போச்சு, இலை விழுந்த தழும்பு, பூச்சி ஓட்டை எல்லாத்துக்கும் பசை வச்சு அடைக்கணும்.

நம்ம இடத்துக்கே உரிய ஒரு சிக்கல் இதுல இருக்கு, அத யாரும் யோசிக்கறதில்ல. சேலம் டவுன் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் கிட்ட, ஏற்காடு 1500 மீட்டர். கீழ காத்தழுத்தம் 98 கிலோபாஸ்கல், மேல 85தான் வரும். மேல உக்காந்து 40க்கு இறக்கினா உறிஞ்சறதுக்கு கிடைக்கற வித்தியாசம் 45, கீழ வந்து பண்ணா 58. அதே வாது, அதே அடைப்பு, ஆனா மேல அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல கம்மியா காத்து வரும். ஒரே வாத முழுசா ஒரே இடத்துல முடிச்சா சதவீதத்துல இது பெரும்பாலும் அடிபட்டுப் போயிடும், பாதி புள்ளிய எஸ்டேட் பங்களாவுலயும் மீதிய காலேஜ்லயும் எடுத்தீங்கன்னா கர்வ் நடுவுல ஒரு படி விழும், அதுக்கு பயாலஜில காரணம் தேடிட்டு இருப்பீங்க. சென்சாரும் முழு அழுத்தம் காட்டற வகையா வாங்குங்க, வெளிக்காத்தோட ஒப்பிட்டு காட்டற மலிவு கேஜ் மேல ஒண்ணும் கீழ ஒண்ணும் சொல்லும்.

மைக்ரோ சிடி, அதாவது ரொம்ப நுணுக்கமான எக்ஸ்ரே ஸ்கேன், பத்தி ரெண்டே வரி. உயிரோட இருக்கற செடிய வெட்டாம உள்ள எந்த வெசல்ல காத்து இருக்குன்னு நேரா பாக்கற வழி, மத்த மெத்தட் எல்லாத்தையும் சரிபாக்க உதவறதும் அதுதான், ஆனா எக்ஸ்ரே திரும்பத் திரும்ப பட்டா செல் சாகும், ரொம்ப நல்ல படத்துக்கு சின்க்ரோட்ரான் (பலமான எக்ஸ்ரே குடுக்கற பெரிய மெஷின்) வேணும், நம்ம நாட்டுல இந்தூர்ல இருக்கற இன்டஸ்-2ங்கற சின்க்ரோட்ரான்ல டைம் எழுதி கேட்டு வாங்கணும். சாரதா காலேஜ் ரோட்டுல ஸ்கேன் சென்டர் இருக்கே அதுல பண்ணலாமான்னு கேக்காதீங்க, மனுஷன பாக்கற சிடி அரை மில்லிமீட்டர் அளவுலதான் தெரியும், வெசல் அத விட ரொம்ப சின்னது.

அப்ப மரம் வாரியா. காப்பிக்கு இலையில ஆப்டிகல், அதே வாதுல கவர் போட்ட வேற இலைகள வெச்சு சேம்பர், கண்ண மூடிட்டு இதையே எடுங்க. சில்வர் ஓக்குக்கு தண்டுல ஆப்டிகல், கூடவே அதே வாதோட அடியில நியூமேட்டிக் மாட்டிட்டா ரெண்டும் ஒரே நேரத்துல ஓடும், ரெண்டு கர்வும் ஒத்துப்போனா உங்களுக்கும் நிம்மதி, ரிவ்யூவருக்கும் நிம்மதி. ஒத்துப்போகலன்னா அப்பதான் பெஞ்ச் டீஹைட்ரேஷன், முழு கர்வ் வேணாம், பி50 வர்ற இடத்த சுத்தி மட்டும் சில வாதுல ஓட்டம் அளந்து எது பக்கம் சாயுதுன்னு பாருங்க. மிளகுக் கொடிய சில்வர் ஓக் மேல ஏத்தி விட்டிருப்பாங்க, அதையும் சேத்துக்கலாம்னு ஆசைப்படுவீங்க, கொடி வகையில வெசல் பொதுவா ரொம்ப நீளம், அதுக்கு சென்ட்ரிஃப்யூஜும் ஏர் இன்ஜெக்ஷனும் கிட்டயே வரக்கூடாது, முடிஞ்ச வரைக்கும் நீளமா கொடிய இறக்கிட்டு வந்து நுனி இலையில ஆப்டிகல் மட்டும். வேற வேற மெத்தட்ல எடுத்த பி50கள ஒரே கிராஃப்ல ஒரே நிறத்துல போட்டு மரத்துக்கு மரம் ஒப்பிடறது மட்டும் வேணாம், அது மரத்தோட வித்தியாசமா மெத்தட்டோட வித்தியாசமான்னு உங்களாலயே சொல்ல முடியாது.

வாது கொண்டு வர்றது: விடியறதுக்கு முன்னாடி வெட்டுங்க, அப்பதான் இழுப்பு கம்மி, வெட்டின உடனே பக்கெட்டுக்குள்ள வச்சு தண்ணிக்குள்ளயே இன்னொரு தடவை அடிய நறுக்கி, மேல கறுப்பு கவர் போட்டு கட்டி, வெயில் ஏறறதுக்குள்ள அடிவாரம் வந்துடுங்க. மலை இறங்கினதும் சூடு எகிறும், கார் ஜன்னல் ஓரம் வச்சீங்கன்னா லேப் வர்றதுக்குள்ள பாதி சோதனை வண்டியிலயே நடந்து முடிஞ்சிருக்கும்.

கடைசியா ஒண்ணு, பி50 மட்டும் எடுத்தா அது பாதி நம்பர். மரம் விளிம்புக்கு எவ்ளோ கிட்ட இருக்குன்னு தெரியணும்னா வருஷத்துலயே மோசமான காய்ச்சல்ல அது எவ்ளோ மைனஸ் போகுதுன்னும் வேணும், அந்த ரெண்டுக்கும் உள்ள இடைவெளிதான் சேஃப்டி மார்ஜின். அத லேப்ல அளக்க முடியாது. லேப்ல கேமரா தானா ஓடிட்டு இருக்கற நாள்ல சேம்பர தூக்கிட்டு மேல போங்க, பிப்ரவரி கடைசியில இருந்து பூ மழைக்குள்ள (காப்பிய பூக்க வைக்கற கோடை மழை), மத்தியானம் 12ல இருந்து 2க்குள்ள, நிழல்ல இருக்கற செடி ஒண்ணு, நிழல் இல்லாத ஓரத்துச் செடி ஒண்ணுன்னு அதே எஸ்டேட்லயே எடுத்துடுங்க. பூ மழை ஒரு தடவை நல்லா கொட்டிடுச்சுன்னா அந்த நம்பருக்கு அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணும்.